பழைய வீட்டு மரத்தில் புது மேசை: நெல்லைப் பக்கம் முதல்முறை இறங்குவோருக்கு

பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரம், வாசல் நிலை, கதவு, கூரைக் கைமரம் இவற்றை வைத்து மேசையும் பெஞ்சும் அலமாரியும் செய்துகொள்ளும் ஆசை இப்போது பலருக்கும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு ஒரு சாப்பாட்டு மேசையும் இரண்டு பெஞ்சும் செய்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மரக்கடைக்காரர் மரத்தைப் பற்றி மட்டும் சொல்வார். ஆசாரி தன் வேலையைப் பற்றி மட்டும் சொல்வார். நடுவில் இருக்கிற ரசீது, வண்டி, ஆணி, ஈரம் பற்றியெல்லாம் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மலிவாக முடியும் என்று நினைத்து இதில் இறங்காதீர்கள். பழைய மரம் விலை குறைவுதான், ஆனால் கூலி புது மரத்துக்கு ஆவதைவிடக் கூடவே ஆகும். கிடைத்த மரத்துக்கு ஏற்றபடி சாமானைத் தீர்மானிப்பவருக்குத்தான் பணம் மிஞ்சும். படத்தில் பார்த்த சாமானுக்கு மரம் தேடி அலைந்தால் மிஞ்சாது.

1. என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்

சாப்பாட்டு மேசைக்கு உயரம் 30 அங்குலம், பெஞ்சுக்கு 18 அங்குலம். ஓர் ஆள் உட்கார 24 அங்குல அகலம் வேண்டும். ஆறு பேருக்கு 6 அடிக்கு 3 அடி மேசை போதும். இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதவை அப்படியே மேசையாக்க நினைப்பவர்கள் கவனிக்க. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலும் இரட்டைக் கதவுதான். ஒரு கதவின் அகலம் ஒன்றரை அடி சொச்சம்தான் வரும். அதில் தார்சாவில் (முன்பக்கத் தாழ்வாரத்தில்) போட ஒரு பெஞ்சோ, சுவரோரம் வைக்க ஒரு குறுகிய மேசையோ வரும், சாப்பாட்டு மேசை வராது. இரண்டையும் சேர்த்தால் வரும். ஆனால் கதவின் முகப்பு மேடும் பள்ளமுமாக இருப்பதால் மேலே கண்ணாடி போட்டாக வேண்டும். டஃபன்டு கண்ணாடி (கடினப்படுத்திய கண்ணாடி) 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள். கண்ணாடிக்கு ஆகும் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள், சில சமயம் அது கதவின் விலையைத் தாண்டிவிடும்.

2. எங்கே வாங்குவது

இரண்டு வழி உண்டு. ஒன்று, பழைய மரம் வாங்கி விற்கும் கடை. இன்னொன்று, இடிக்கும் வீட்டுக்கே போவது.

கடையில் விலை கூடும். ஆனால் வேண்டிய துண்டை மட்டும் பொறுக்கி எடுக்கலாம், பில்லும் கிடைக்கும். முதல்முறை என்றால் கடைதான் நல்லது என்பது என் கருத்து.

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி பக்கம் நீளநீளமான பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. பட்டாசலில் (கூடத்தில்) தேக்குத் தூண், மச்சில் கட்டை, அடுக்களைக்கு மேல் பனங்கைமரம் என்று ஒரே வீட்டில் பலவகை மரம் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால் அங்கே ஒன்றிரண்டு துண்டு தரமாட்டார்கள். “சில்லறையா எல்லாம் முடியாது அண்ணாச்சி, மொத்தமா எடுத்துக்கிடுங்க” என்றுதான் பேச்சு தொடங்கும். மொத்தமாக எடுத்தால் உங்களுக்கு வேண்டாத பாதி மரத்தைப் போட்டுவைக்க இடம் வேண்டும். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் சரியாக வரும்.

ஆடியிலும் மார்கழியிலும் புது வேலை தொடங்க யோசிப்பார்கள். தை பிறந்ததும்தான் இடிப்பு வேலை சூடுபிடிக்கும். தை முதல் சித்திரை வரை தேடுங்கள். மரம் காயவும் அதுதான் ஏற்ற காலம்.

3. மரத்தை எப்படிப் பார்ப்பது

பழைய மரக்கடையில் எல்லா மரமும் ‘பர்மா தேக்கு’தான். கறுப்பு வார்னிஷ் நாலு பூச்சு ஏறிய எதையும் அப்படிச் சொல்லி விற்கலாம். ஓர் ஓரத்தில் உளியால் கொஞ்சம் சீவிக் காட்டச் சொல்லுங்கள். தேக்கு என்றால் பொன்னும் பழுப்பும் கலந்த நிறம் தெரியும், விரலில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு படும், தோல் வாசனை போல ஒன்று வரும். சீவ விடாத கடையில் வாங்கவே வேண்டாம்.

அடுத்து வைரமா (உள்பக்கத்துக் கெட்டி மரம்) வெளிறா (வெளிப்பக்கத்து இளமரம்) என்று பாருங்கள். வைரம் பாய்ந்த பாகம் தலைமுறை தாண்டியும் நிற்கும். ஓரத்து வெளிறைப் பூச்சி தின்றிருக்கும். திருப்புளியால் குத்திப் பாருங்கள். பொசுக்கென்று உள்ளே போனால் உளுத்துவிட்டது என்று அர்த்தம். சிறு துளைகளும், தட்டினால் மாவு மாதிரித் தூள் கொட்டுவதும் இருந்தால் பூச்சி இன்னும் உள்ளே வேலை செய்கிறது. துளை மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் பெரும்பாலும் பழைய பாதிப்பு, மருந்து வைத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

உவரி, திசையன்விளை பக்கத்துக் கடலோர வீட்டு மரம் என்றால் ஆணியை விசேஷமாகப் பாருங்கள். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்து, ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை மரத்துக்குள் இறங்கியிருக்கும். இழைத்தாலும் முழுதாகப் போகாது. அந்தக் கறையின் தோற்றம் உங்களுக்குப் பிடித்திருந்தால் வாங்கலாம். பிடிக்காவிட்டால் மேல்பலகைக்கு வேறு துண்டு பாருங்கள்.

தாமிரபரணிக் கரையோர வீடு என்றால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியதா என்று கேளுங்கள். தூணின் அடிப்பாகத்திலும் நிலையின் கீழ்ப்பகுதியிலும் சேற்றுக்கோடு தெரியும். மூழ்கியதாலேயே மரம் கெட்டுவிடாது. ஆனால் அந்த அடிப்பாகத்தைக் கழித்துத்தான் அளக்க வேண்டும்.

பனை தனி வகை. வெளிப்பக்கம் கறுத்து இரும்பாக இருக்கும், உள்ளே சோறு. மேல்பலகைக்கு ஆகாது. கால், சட்டம், அலமாரியின் நிமிர்ந்த கட்டை இவற்றுக்கு அருமையாக இருக்கும். அந்தக் கறுப்பு வரிகளுக்கு இணையான அழகு கடையில் விற்கிற எந்தப் பலகையிலும் இல்லை. ஆனால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சிராய் ஏறும். ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உளியும் இழைப்புளியும் சீக்கிரம் மழுங்கும் என்பதால் பனை வேலை என்றாலே சிலர் வரமாட்டார்கள்.

4. கன அடிக் கணக்கு

நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில். மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. 12 அடி நீளம், 9 அங்குல அகலம், 6 அங்குலக் கனமுள்ள உத்திரம் 648-ஐ 144ஆல் வகுக்க நாலரை கன அடி.

மேலே சொன்ன ஆறு பேர் மேசைக்கு இந்த ஒரு உத்திரம் போதும். நடுவில் அறுத்து இரண்டு 6 அடித் துண்டாக்குங்கள். ஒரு துண்டிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான கனத்தில் 9 அங்குலப் பலகை நான்கு வரும். சேர்த்து ஒட்டினால் மேல்பலகை. ஓரம் சீவுவதில் 3 அடி அகலம் ஓரிரு அங்குலம் குறையும், பரவாயில்லை. மற்ற துண்டில் 3 அங்குலப் பட்டையை நீளவாக்கில் கழித்து அதில் நான்கு கால், மிச்சத்தில் சட்டங்கள். முழுத் துண்டும் குறையில்லாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு ஓடும். பொந்தும் வெடிப்பும் உள்ள மரம் என்றால் தேவைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள்.

இங்கே நடக்கும் தந்திரங்கள் இரண்டு. அழுகிய முனையையும் சேர்த்து அளப்பது ஒன்று. இரண்டு முனையிலும் நல்ல மரம் தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு டேப்பைப் பிடியுங்கள். இரண்டாவது, கூம்பிக்கொண்டே போகும் கட்டையின் பருத்த பக்கத்தை மட்டும் அளப்பது. நடுவில் அளக்கச் சொல்லுங்கள். டேப் உங்களுடையதாக இருக்கட்டும்.

5. காகிதம்

இதில்தான் பலரும் அசட்டையாக இருக்கிறார்கள். பழைய மரம்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. ஆனால் அம்பாசமுத்திரம், பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஓரம். அந்தப் பக்கம் மரம் ஏற்றிய வண்டியைக் கண்டால் வனத்துறையினர் நிறுத்திக் கேட்கத்தான் செய்வார்கள். அப்போது அது பழைய வீட்டு மரம் என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு.

கடையில் வாங்கினால் ஜிஎஸ்டி எண் உள்ள பில் கேளுங்கள். ‘பழைய சாமான்’ என்று மொட்டையாக எழுதிய துண்டுச் சீட்டு எதற்கும் உதவாது. மரத்தின் வகை, எத்தனை துண்டு, ஒவ்வொன்றின் அளவு, தேதி, உங்கள் பெயர், வண்டி எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பில் போட்டால் விலை கூடும் என்பார்கள். கூடட்டும்.

இடிக்கும் வீட்டில் நேரடியாக வாங்கினால்:

வீட்டுத் தீர்வை (வீட்டு வரி) ரசீதின் நகல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கதவு எண்ணும் உரிமையாளர் பெயரும் அதில் இருக்கும்.

உரிமையாளர் கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டு, மேலே சொன்ன எல்லா விவரங்களோடும். அவருடைய அடையாள அட்டை நகல் ஒன்று.

மரம் வீட்டிலேயே இருக்கும்போது எடுத்த படங்கள். உத்திரம் சுவரில் ஏறியிருப்பது தெரிய வேண்டும். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள், அதுவும் ஒரு சாட்சி.

பங்காளிச் சொத்தா என்று கட்டாயம் கேளுங்கள். தாத்தா பெயரில் தீர்வை இருக்கும், பேசுகிறவர் பேரனாக இருப்பார். சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் சித்தப்பா ஒருவருக்கு விஷயமே தெரிந்திருக்காது. மரத்தை ஏற்றும்போது அவர் ஆள் வந்து நின்றால் முன்பணம் மாட்டிக்கொள்ளும். எனக்கு இது நேர்ந்து, நல்ல தூண் ஒன்று கைநழுவிப் போனது. பங்குள்ள எல்லோரும் சம்மதித்து எழுதிய ஒரு தாள் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

மர வகை முக்கியம். சந்தனம், ஈட்டி என்று யாராவது சொன்னால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடாதீர்கள். தேக்கு என்றாலும், ஒரு வண்டி நிறைய இருந்தால் முதலில் அங்கே போய்க் கேளுங்கள். தமிழ்நாட்டில் மரம் கொண்டுசெல்ல 1968ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. எதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை அலுவலகத்தில் கேட்பதுதான் பாதுகாப்பு. இடைத்தரகர் சொல்வதை நம்ப வேண்டாம். படங்களையும் தீர்வை ரசீதையும் கொண்டுபோனால் பேச்சு சீக்கிரம் முடியும். செங்கோட்டை வழியாகக் கேரளத்திலிருந்து கொண்டுவருவதாக இருந்தால் புளியறைச் சோதனைச் சாவடி உண்டு. இரண்டு மாநிலத்துக் காகிதமும் கையில் இல்லாமல் கிளம்ப வேண்டாம். பழைய பெட்டி, கதவு இவற்றில் தந்த வேலைப்பாடு இருந்தால் விலை பேசவே வேண்டாம். வன உயிரினச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

6. வண்டி

குட்டியானையின் பின்பகுதி சுமார் 7 அடிதான். 12 அடி உத்திரத்தை அதில் ஏற்றிச் சிவப்புத் துணி கட்டிவிட்டால் போதும் என்று ஓட்டுநர் சொல்வார். வண்டிக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய். ஆகவே ஒன்று நீளமான வண்டி பிடியுங்கள், இல்லையென்றால் இடத்திலேயே அறுத்து ஏற்றுங்கள். எங்கே அறுக்க வேண்டும் என்பது மேசையின் அளவைப் பொறுத்தது. சுமை தூக்குகிறவர் தீர்மானிக்க விடாதீர்கள்.

ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி இரண்டும் தனி. வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

7. ஆணி, பெயின்ட், பூச்சி, ஈரம்

இந்த நான்கும் முடியாமல் மரத்தை ஆசாரியிடம் கொடுத்தால் ஒன்று அவர் திட்டுவார், அல்லது செய்து கொடுத்த மேசை ஆறு மாதத்தில் வளையும்.

ஆணியைப் பிடுங்கிய பிறகு பெரிய காந்தம் ஒன்றை மரத்தின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். உடைந்து உள்ளே நிற்கும் ஆணி அப்போதுதான் தெரியும். அறுவை மில்லில் ஓர் ஆணி பட்டாலும் பட்டை ரம்பத்தின் பல் போய்விடும், அந்தச் செலவு உங்கள் தலையில். சில மில்களில் பழைய மரம் என்றாலே அறுக்க மாட்டார்கள். அதனால் மரம் வாங்கும் முன்பே ஒரு மில்லில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பச்சையும் நீலமுமாக உரிந்து நிற்கும் அந்த அழகான சன்னலை மெஷின் போட்டுத் தேய்க்காதீர்கள், தீ காட்டி உரிக்கவும் வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே சுரண்டுங்கள். நல்ல முகக்கவசம் போடுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. சுரண்டியதைப் பாலிதீனில் கட்டி அப்புறப்படுத்துங்கள், தோட்டத்தில் கொட்டாதீர்கள். பழைய பெயின்ட் அப்படியே தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மேலே இரண்டு பூச்சு தெளிவான வார்னிஷ் அடித்து மூடிவிடலாம். ஆனால் குழந்தை வாய் வைக்கும் சாமானுக்கு அது வேண்டாம்.

பூச்சிக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் வீட்டுக்குள் வைக்கும் மரத்துக்குப் போதும். பாலிஷ் ஏறிய மரத்துக்குள் அது இறங்காது என்பதால் சுரண்டிய பிறகுதான் அடிக்க வேண்டும். மழை படும் இடத்தில் கரைந்து போய்விடும், திண்ணைப் பெஞ்சுக்கு அதை நம்ப முடியாது.

ஈரம் பற்றி. பழைய மரம் காய்ந்துதானே இருக்கும் என்பார்கள். வீட்டுக்குள் இருந்தவரை சரி. ஆனால் கடை முற்றத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க நனைந்து கிடந்த மரம் அது. அறுத்த பலகைகளை நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஒன்றுக்கொன்று நடுவே ஓர் அங்குலச் சட்டம் வைத்து அடுக்குங்கள். மேலே கனம் ஏற்றி மூன்று நாலு வாரம் விடுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும். ஈரம் பார்க்கும் சின்ன மீட்டர் இணையத்தில் கிடைக்கிறது, 12 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டால் வேலையைத் தொடங்கலாம். தென்காசி, குற்றாலம் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சாரல் இருப்பதால் அங்கே இன்னும் கொஞ்சம் கூட ஆகும்.

8. ஆசாரியிடம் பேசுவது

நாள் கூலியா, மொத்தமாகவா என்பதுதான் முதல் கேள்வி. புது மரத்துக்கு மொத்தமாகப் பேசுவது நல்லது. பழைய மரத்துக்கு நான் நாள் கூலியைத்தான் சொல்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று சீவினால்தான் தெரியும். மொத்தக் கூலிக்கு ஒப்புக்கொண்டவர் நடுவில் பொந்து வந்தால் மக்கு (ஓட்டையை அடைக்கும் பசை) வைத்து மூடிவிட்டுப் போய்விடுவார்.

பேசும்போது இதையெல்லாம் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். பிசின், திருகு, உப்புத்தாள் யார் செலவு? மிச்சத் துண்டு யாருக்கு? (உங்களுக்கு. சட்டம், தட்டு, புத்தகத் தாங்கி எல்லாம் அதில் செய்யலாம்.) பழைய ஆணித் துளையை அடைக்கவா, அப்படியே விடவா? இதைச் சொல்லாவிட்டால் அவர் அழகாக அடைத்துவிடுவார். அடுத்த நாள் நீங்கள் போய் “அது தெரியட்டும்னுதானே பழைய மரம் வாங்கினேன்” என்று வருத்தப்பட வேண்டிவரும். படம் வரைந்து கொடுங்கள். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி ‘இது மாதிரி’ என்றால் அவர் மனதில் ஒரு மேசை, உங்கள் மனதில் ஒரு மேசை.

முன்பணம் மூன்றில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். வேலை உங்கள் வீட்டிலேயே நடந்தால் நல்லது. பட்டறையில் விட்டால் ஐந்தாறு பேர் வேலைக்கு நடுவில் உங்கள் மரம் காத்துக் கிடக்கும். கல்யாண முகூர்த்த மாதங்களில் கட்டில் பீரோ வேலை வந்து உங்களைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

9. பாலிஷ்

மேசைக்கு அரக்குப் பாலிஷ் வேண்டாம், சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளைத் தடம் விழும். பாலியூரித்தேன் பூச்சு தாங்கும், ஆனால் பிளாஸ்டிக் பளபளப்பு வரும், மேட் வகை கேட்டு வாங்குங்கள். எனக்குப் பிடித்தது ஆளிவிதை எண்ணெய். தேய்த்துத் துடைத்து, காயவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். ஒரு வாரம் ஆகும். எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும், இது கதையல்ல. விரித்துக் காயப்போட்டு அல்லது தண்ணீரில் ஊறவைத்து அப்புறம் எறியுங்கள்.

10. செலவும் காலமும்

பேச்சுக்கு ஒரு கணக்கு. கன அடி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாலரை கன அடிக்கு 9,000. வண்டி, ஏற்று, இறக்கு 2,000. அறுப்பு 1,500. ஆசாரிக்கு நாளுக்கு 1,200 என்று 6 நாள் 7,200. சில்லறைச் சாமான் 1,000. பாலிஷ் 4,000. ஆக 24,700. மரத்தின் பங்கு பாதிகூட இல்லை, பாருங்கள். உங்கள் ஊர் விலையை இந்த இடங்களில் போட்டுப் பார்த்துவிட்டு, வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். மேலே ஐந்தில் ஒரு பங்கு கைவசம் இருக்கட்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, மரம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தைப்பொங்கலுக்குப் புது மேசையில் சாப்பிட வேண்டும் என்றால் மழைக்கு முன், ஆவணியிலேயே மரம் கைக்கு வந்திருக்க வேண்டும்.

11. விற்க நினைப்பவர்களுக்கு

ஒரு மேசை செய்ததும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், தொழிலாகவே செய்யலாமே என்று தோன்றும். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். கட்டணம் கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டுக்குள் ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆனால் திருவனந்தபுரத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பினால் கதை வேறு, கைவினைப் பொருளுக்கு உள்ள விலக்கு உங்கள் சாமானுக்குப் பொருந்துமா என்று கணக்கரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். மரச்சாமானுக்கு வரி 18 சதவீதம். இ-வே பில் (சரக்கு அனுப்பும்போது இணையத்தில் எடுக்கும் சீட்டு) பொதுவாக மாநிலத்துக்குள் 1 லட்சத்துக்கு மேல், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல். மரம் வாங்கிய பில்களைச் சாமான் வாரியாகக் கோத்து வையுங்கள். இந்த மரம் எந்த வீட்டில் இருந்தது என்று வாங்குகிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள், அந்தப் படத்தையும் சேர்த்துக் கொடுத்தால் விலை பேசுவது சுலபம்.